ஹலோ சித்தப்பாவும் கட்டிய தொண்டைகளும்

என் சித்தப்பாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கல்லூரியில் எல்லோருக்கும் அவர் 'ஹலோ'. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் மேடையேறி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்வதே தொழிலாகிப்போன மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அதற்கு மேல் ஒரு வார்த்தை அந்த மைக்கில் அவர் பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

அரங்கத்தின் பின்கோடியில் பலகை அடித்த ஓர் அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வெளியே போய்த்தான் மூச்சுவிட வேண்டும். அதுதான் சித்தப்பாவின் ராஜ்யம். வரிசையாகக் குமிழ்கள் பதித்த மிக்சர், எப்போதும் சூடாகக் கிடக்கும் ஆம்ப்ளிஃபயர், காலைச் சுற்றும் ஒயர்கள், பஞ்சு பிதுங்கிய நாற்காலி. கல்லூரிக்குள் நுழைய எனக்கு மார்க் போதவில்லை. இந்த அறைக்குள் நுழைய யாரும் மார்க் கேட்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் மேடை தெரியும். மேடையில் முதல்வர் தெரிவார். அவருடைய மூக்குக்கண்ணாடி தெரியும். கண்ணாடிதான் முக்கியம்.

அந்தக் கல்லூரியின் வாசலில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்: 'இங்கே எவரும் பேசலாம், எவரையும் மதிப்போம்.' இந்த இரண்டையும் ஒன்றாக மேய்ப்பது எப்படி என்று உலகத்துப் படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். முதல்வர் அவ்வளவு சிரமப்படவில்லை. மேடையில் யாராவது வேண்டாததைப் பேசினால் கண்ணாடியைத் தொடுவார். அவர் தொட்டதும் சித்தப்பா குமிழைத் திருக வேண்டும். தீர்ந்தது.

மைக்கை நிறுத்தினால் கூச்சல் வரும். அதனால் சித்தப்பா நிறுத்த மாட்டார், இறக்குவார். காய்ச்சல் இறங்குகிற மாதிரி, மெல்ல மெல்ல. பேசுகிறவனுக்கு மைக்கின் மேல் சந்தேகமே வராது. தன் தொண்டையின் மேல்தான் வரும். கனைப்பான். தண்ணீர் குடிப்பான். கத்திப் பார்ப்பான். கடைசியில் "தொண்டை கட்டிடுச்சு, மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவான். முதல்வரே எழுந்து அவன் முதுகில் தட்டிக்கொடுப்பார். சுதந்திரமும் கெடவில்லை, மரியாதையும் கெடவில்லை. குரல் ஒன்றுதான் போனது.

கட்டண உயர்வைப் பற்றியோ விடுதியைப் பற்றியோ பேசியவர்களுக்கே தொண்டை கட்டியது. கல்லூரியைப் புகழ்ந்தவர்களுக்கு இரும்புத் தொண்டை. இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைத்தான் சந்தேகப்பட்டார்கள். குழு போட்டு, தொட்டியைக் கழுவி, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேதியியல் பேராசிரியர் அதைப் பற்றி மேடையில் ஒரு கட்டுரையே வாசித்தார். அவர் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் சித்தப்பாவின் மகள், என் அக்கா, படிக்கச் சேர்ந்தாள். வீட்டில் அவள் வாயை மூட ஆள் கிடையாது. முதல் விவாத மேடையிலேயே ஏறி, "பெண்கள் விடுதிக் கதவை மட்டும் இருட்டறதுக்கு முன்னாடியே ஏன் பூட்டறீங்க? ஆண்கள் விடுதிக்குக் கதவுன்னு ஒண்ணு இருக்கறதை யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். முதல்வரின் விரல் கண்ணாடிக்குப் போனது. சித்தப்பா மகளைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். கை பழக்கப்படி திருகிவிட்டது.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். "எனக்குக் குரலே இல்லம்மா. பேசப் பேச அப்படியே உள்ள போயிடுச்சு."

"ஐஸ் தண்ணி குடிக்காதன்னா கேட்டாத்தானே?" என்று சித்தி பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். "உப்புப் போட்டுத் தரேன், கொப்பளி."

அன்றிலிருந்து காலையும் மாலையும் குளியலறையில் களகளகள. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் சித்தப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். கல்லூரியில் இறக்குகிற மனிதர், வீட்டில் ஏற்றினார். சித்தி டாக்டரிடமும் கூட்டிப்போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை நல்லாத்தான் இருக்கு, மனசுலதான் பயம்" என்றார். அக்கா அதை நம்பிவிட்டாள்.

"வர்ற விவாதத்துக்குப் பேர் குடுத்துட்டேன்," என்றாள் சாப்பிடும்போது. "அதுலயும் குரல் போச்சுன்னா மேடையே வேண்டாம். பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு மைக்?"

சித்தப்பா தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த விவாதத்துக்குத் தலைப்பு: 'பேச்சுரிமையும் பரஸ்பர மரியாதையும்'. முதலில் பேசியவன் கல்லூரி நிர்வாகியின் மகன். 'சின்ன முதலாளி' என்பது அவன் பட்டப்பெயர். மரியாதையைப் பற்றி மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்தவன், அக்கா பக்கம் திரும்பிச் சிரித்தான். "அப்பாவுக்காவது ஹலோ சொல்ல வரும். பொண்ணுக்கு அதுவும் வரலை. குரலே இல்லாதவங்களுக்கு எதுக்குங்க பேச்சுரிமை?"

அரங்கம் சிரித்தது. முதல்வரின் கைகள் மடியைவிட்டு நகரவில்லை. கண்ணாடி அன்றைக்கென்று மூக்கில் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இறக்குங்க சித்தப்பா! அவன் தொண்டையைக் கட்டுங்க!" என்றேன்.

அவர் விரல் குமிழுக்குப் போனது. பிறகு கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பேசட்டும்டா. இவனுக்கும் ஒரு அம்மா வீட்டுல தண்ணி கொதிக்க வைக்கணுமா?"

அடுத்து அக்கா. "நண்பர் பேசினதை ஒரு வார்த்தை விடாம கேட்டேன்," என்று ஆரம்பித்தாள். "பிடிக்கலை. ஆனாலும் அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். இப்ப அவர் காத்திருக்கட்டும்." சொல்லிவிட்டு நேராக விடுதிக் கதவுக்கு வந்தாள்.

முதல்வர் கண்ணாடியைத் தொட்டார். சித்தப்பா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். முதல்வர் மறுபடி தொட்டார். ஏற்றினார், இறக்கினார், கழற்றினார். பக்கத்திலிருந்த பேராசிரியர் பாவம், துடைக்கக் கைக்குட்டை நீட்டினார்.

போன முறை குரல் போன இடம் வந்ததும் அக்கா தானே நின்றாள். தொண்டையில் கை வைத்தாள். போகட்டும் என்று காத்திருந்தாள். போகவில்லை. அதன் பிறகு அவளை நிறுத்தியது கைதட்டல்தான்.

கூட்டம் முடிந்ததும் முதல்வர் பலகை அறைக்கே வந்துவிட்டார். "என்ன ஹலோ, நான் கண்ணாடியைத் தொட்டேனே, பாக்கலையா?"

"பாத்தேன் சார். பவர் மாறியிருக்கும்னு நினைச்சேன். ஒருதடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கல்லூரியில் இல்லவே இல்லாத ஒரு வேலையைச் செய்யவில்லை என்று எந்த மெமோவில் எழுதுவது? விடுதிக் கதவைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டார். குழு இன்னும் ஆராய்கிறது. கதவு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

வீட்டில் அக்கா குதித்தாள். "உப்புத் தண்ணி வேலை செஞ்சிடுச்சும்மா!" சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பா அப்படியே விட்டிருக்கலாம். பேசாமல் இருப்பதில் அவருக்கு நல்ல அனுபவம்.

"உப்புத் தண்ணி ஒண்ணும் செய்யலம்மா," என்றார். "உன் தொண்டை எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு நான்தான் குமிழை இறக்கினேன். உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

அக்கா அவரையே பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். ஆவி பறக்கும் டம்ளரோடு திரும்பினாள்.

"கொப்பளிங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"இத்தனை வருஷமா மூடிக் கிடந்த தொண்டை. கொப்பளிங்க."

சித்தப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். களகள சத்தம் கேட்டது. அக்கா கதவுக்கு வெளியே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சத்தம் பத்தலை," என்றாள்.