நேசன் அண்ணை ஏன் தாமதித்தார்?

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மத்தியானம். நேசன் அண்ணை தன் சிப்ஸில் பாதிக்கு மேல் நடுவில் தள்ளியிருந்தார். என் கையில் இருந்ததோ ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு. இருந்தும், என்னிடம் இருந்த மொத்தத்தையும் தள்ளினேன். அவர் யோசித்தார்... யோசித்தார்... நேரமே தீர்ந்துபோய் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். எல்லாம் எனக்கு!

சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து போய் எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் காபி போட்டுக்கொண்டேன்.

நான் ஆன்லைனில் போக்கர் ஆடுகிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பயப்படாதீர்கள், காசு கிடையாது. ஐந்து பேர் மட்டும் நுழையக்கூடிய ஒரு அறை. சிப்ஸ் எல்லாம் வெறும் எண்ணிக்கை. கடைசியாக வருபவர் அடுத்த வாரம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மற்ற நாலு பேருக்கும் ரோல்ஸும் டீயும் வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

ஐவரில் நான் ஒருத்திதான் பெண். நான் ஒருத்திதான் தமிழ்நாடு. மற்றவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஊரில் 304 என்கிற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். "சீட்டை மேசையில ஓங்கி அடிக்காமல் இதென்ன விளையாட்டு?" என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவர் நேசன் அண்ணைதான். லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. காலையிலிருந்து வெங்காயம், மீன், ஆட்டிறைச்சி என்று வெட்டிக்கொண்டே இருப்பார். நான் பாரிஸ் வந்த புதிதில் தினமும் அங்கேதான் சாப்பிட்டேன். கேட்காமலே என் தட்டில் இன்னொரு கரண்டி சம்பல் வைப்பார். அப்படித்தான் பழக்கம்.

போக்கரில் சீட்டை விட ஆள் முக்கியம். எதிரில் இருப்பவரை எடை போடத் தெரிய வேண்டும். நேரில் என்றால் முகம் இருக்கிறது, கை இருக்கிறது, திடீரென்று தண்ணீர் குடிப்பது இருக்கிறது. ஆன்லைனில் என்ன இருக்கிறது? ஒரு பெயர். அதைச் சுற்றி ஒரு வட்டம். முப்பது வினாடியில் முடிவெடுக்க வேண்டும், வட்டம் தேய்ந்துகொண்டே வரும். யார் எத்தனை வினாடி எடுத்துக்கொள்கிறார் என்பதை வைத்துத்தான் அவர் மனதில் என்ன என்று ஊகிக்க முடியும்.

பாரிஸை ஒட்டிய சென் தெனியில் ஒரு ஆபீசில் நாள் முழுக்க டேட்டாவோடு மல்லுக்கட்டுபவள் நான். எண் கிடைத்தால் விடுவேனா? நாலு பேருக்கும் போனில் தனித்தனிக் குறிப்பு — தேதி போட்டு. நேசன் அண்ணை குறிப்பு இது: உடனே பெட் போட்டால் வெறும் மிரட்டல், கையில் ஒன்றும் இல்லை. பத்து வினாடி எடுத்துக்கொண்டால் நிஜமாகவே நல்ல சீட்டு. ஒரு வருஷம் இந்தக் கணக்கு தவறியதே இல்லை.

திடீரென்று எல்லாம் மாறியது. எந்தச் சீட்டு வந்தாலும் இருபது, இருபத்தைந்து வினாடி. வட்டம் தீரப்போகும் நேரத்தில் ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகல்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மனுஷன் உஷாராகிவிட்டார். நான் நேரத்தை எண்ணுவதைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைக் குழப்பத்தான் ஆட்டத்தை மாற்றுகிறார்... சரி, மாற்றட்டும். அவர் தாமதித்த போதெல்லாம் நான் பெரிதாக பெட் போட்டேன். அவர் விலகினார். மறுபடியும் போட்டேன். மறுபடியும் விலகினார்.

ஒரு வாரம் தன்னிடம் ஐந்துமே இஸ்பேட் என்று நம்பி இருந்ததையெல்லாம் தள்ளினார். திறந்து பார்த்தால் அதில் ஒன்று கிளாவர். "கண்ணாடியை மாத்துங்கோ அண்ணை" என்று ஒருவர் எங்கள் ஐவரின் போன் குரூப்பில் எழுத, எல்லோரும் சிரித்தார்கள். நான் குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. என் குறிப்பில் எழுதினேன்: "அப்பாவி மாதிரி நடிக்கிறார். ஜாக்கிரதை."

தொடர்ந்து ஐந்து வாரம் அவர்தான் கடைசி. ஐந்து வாரமும் அவர்தான் ரோல்ஸ் வாங்கித் தந்தார். ஒரு நாள் தட்டை நீட்டியபோது அவர் இடது கையில் இரண்டு விரலில் பிளாஸ்டர்.

"என்ன அண்ணை இது?"

"கத்தி புதுசு, தங்கச்சி. வலு கூர்."

அப்படியா என்று கேட்டுவிட்டு ரோல்ஸைச் சாப்பிட்டேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை அவரிடமிருந்து போன். "தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் லீவு எடுப்பீரோ? கண் டொக்டரிட்டை ஒரு ரொந்தேவு இருக்கு, நேரம் தந்திருக்கினம். எனக்குத் தெரிஞ்சது குசினிப் பிரெஞ்சு மட்டும்தான். அவை சொல்லுறது விளங்காது."

"உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போகலையா அண்ணை?"

"அவளுக்குப் படிப்புச் சோதினை. அவளுக்கும் சொல்லேல்லை, முதலாளிக்கும் சொல்லேல்லை." காரணத்தையும் அவரே சொன்னார். "கண் தெரியாதவன்ரை கையில ஆர், பிள்ளை, கத்தி குடுப்பினம்?"

செவ்வாய்க்கிழமை லா சப்பல் மெட்ரோ வாசலில் சந்தித்தோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தொட்டுப் பார்த்து ஏறினார். எத்தனை வருஷமாக ஏறுகிற படி!

டாக்டர் இளம் பெண். சொட்டு மருந்து விட்டார், வெளிச்சம் அடித்தார், படம் எடுத்தார். நான் மொழிபெயர்த்தேன். நேசன் அண்ணைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய் — அவர் பாஷையில் சீனி வருத்தம். வேலை, வேலை என்று கண் பரிசோதனைக்கே போகவில்லை. இப்போது கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் இரத்தம் கசிகிறது. இடது கண் நிறையக் கெட்டுவிட்டது. வலது கண்ணில் இந்த வாரமே ஊசி போட ஆரம்பித்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"எப்போதிலிருந்து இப்படி மங்கலாகத் தெரிகிறது?" என்று டாக்டர் கேட்டார்.

தமிழில் சொன்னேன். "ஒரு ரெண்டு கிழமை இருக்கும்" என்றார் நேசன் அண்ணை. பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற பார்வைக்கு யார் தேதி வைத்திருப்பார்கள்?

நான் வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் என்று மொழிபெயர்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படிச் செய்யலாமா என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, குறிப்பைத் தள்ளித் தள்ளி, முதன்முதலில் "இருபது வினாடி" என்று எழுதிய தேதியைத் தேடிப் பிடித்தேன். ஏழு வாரம் ஆகியிருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அதெப்படி அவ்வளவு திட்டமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். சீட்டாட்டம், தாமதம், இஸ்பேட், கிளாவர் எல்லாவற்றையும் சொன்னேன். மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டார். ரொம்ப உதவியான தகவல் என்றும் சொன்னார்.

"ஏழு வாரம் முன்பே வந்திருந்தால் இடது கண்...?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போதாவது வந்தாரே" என்றார். அந்தத் தாமதத்துக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க எனக்குக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

நாம் எல்லோருமே இப்படித்தானோ? ஒருவர் போனை எடுக்கவில்லை — நம் மேல் கோபம். மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை — திமிர். ஆபீசில் ஒருத்தி பேசாமல் போகிறாள் — என்னைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறாள். மற்றவர் செய்வதெல்லாம் நம்மை வைத்துத்தான் என்று எத்தனை உறுதியாக நம்புகிறோம்! அவர் வீட்டில், அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்ற எண்ணமே வருவதில்லை. நான் அவரை அத்தனை உன்னிப்பாகக் கவனித்தேன். எல்லோருக்கும் முன்னால் பார்த்தது நான்தான். பார்த்ததை வைத்து என்ன செய்தேன்? ஜெயித்தேன்.

வெளியே நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சொட்டு மருந்தில் அவர் கண் கூசியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்ளுக்கை டொக்டரிட்டை போக்கர், போக்கர் எண்டு சொன்னனீர். அதென்ன கதை?"

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வினாடி எண்ணியது, தேதி போட்டது, அவர் நடிக்கிறார் என்று எழுதியது, தாமதித்த போதெல்லாம் பெரிதாக பெட் போட்டது... "மன்னிச்சுடுங்க அண்ணை. ஒரு தடவை, ஏன் லேட்டாகுதுன்னு கேட்டிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லை."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு எட்டு எது, மூண்டு எது எண்டே தெரியேல்லை, பிள்ளை. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாக்கிறதுக்குள்ளை நேரம் முடிஞ்சிடும்" என்றார். பிறகு என் குரல் வந்த பக்கமாகத் திரும்பி, மெல்லச் சிரித்தார்.

"நான் எண்டா, நீர் இப்ப வலு திறமா விளையாடுறீர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். மற்றவையளுக்கும் சொன்னனான்."

பாவம், அவரும் எதிராளியைத் தப்பாகத்தான் எடை போட்டிருக்கிறார்.