எம் மருமவளோட பேசாத மெஸ்

மத்திகிரியில கம்பெனி கேட்டுக்கு எதிர்ல எம் மருமவ மெஸ் போட்டா. கையில ருசி இருக்கு, வாயில பேச்சு இல்ல. "வாங்க"ன்னு கூப்பிடக்கூட கூச்சம். கடை ஓடாம போயிடுமோன்னு நானே கல்லாவுல குந்திக்கினு, கன்னடக்காரன கன்னடத்துல, தெலுங்குக்காரன தெலுங்குல கிண்டல் பண்ணிக் கூட்டம் சேத்தேன்.

ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டேன். கடையும் படுத்திருக்கும்னு பயந்துக்கினே போனா, உக்கார எடமில்ல! அவ ஒண்ணும் பேசல. அவனவன் மொகத்தப் பாத்து, காரம் ஆவாதவனுக்குத் தயிரு, நைட் ஷிப்ட் முடிச்சவனுக்குச் சுடுகஞ்சின்னு வெச்சுக்கினே போறா.

"ஏன்டா, என்னை யாரும் தேடலியா?"ன்னேன்.

"தேடினோம் அஜ்ஜி. ஆனா இந்த வாரந்தான் சோறு ஆறாம தின்னோம்"ன்னான், பாட்டிய அஜ்ஜின்னு கூப்புடுற கன்னடக்காரன் ஒருத்தன்.

அப்பத்தான் மருமவ வாயத் தொறந்தா. "குந்துங்க அத்தே. அவங்க தின்னு முடிக்கட்டும், அப்புறம் பேசுங்க."