முதுகில் கேட்ட மெட்டு

எங்கள் அபார்ட்மென்ட் கீழ்த்தளச் செல்லாரில் புதிதாக ஒரு கார் வந்திருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கீச்சுக்குரலில் ஒரு மெட்டைப் பாடும். போன வாரம் காய்கறிப் பையோடு லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அது பாட ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வெண்டைக்காய் விலைக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

“ஏமைந்தி மம்மி?” என்றாள் மகள். தமிழில் திட்டினால் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியவில்லை. மூக்கில் சோற்றுக்கஞ்சி வாசனை வேறு. கார் நிறுத்துகிற இடத்தில் ஏது கஞ்சி?

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. நான் வளர்ந்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பாவுக்கு அங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) அவர் போடும் வெள்ளைச் சட்டைக்குச் சனிக்கிழமை காலையில் அம்மா கஞ்சி போடுவாள். முற்றத்தில் மணையில் உட்கார்ந்து அவள் சட்டையைப் பிசைய, நான் முதுகில் ஒட்டிக்கொள்வேன். காதை அழுத்தி வைத்தால் உள்ளேயிருந்து இந்த மெட்டு முனகலாகக் கேட்கும். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கையில் அம்மா இறந்துவிட்டாள். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரல் என்று என்னிடம் மிஞ்சியது அந்த முனகல் ஒன்றுதான்.

மல்காஜ்கிரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அம்மா கஞ்சி போடும்போது முனகுவாள்ல, அந்தப் பாட்ட இன்னைக்குக் கேட்டேன்.”

“அம்மாவா? நக்கோ ஏட்டி, வேண்டாம், என்னையப் போட்டுக் கொழப்பாத. கோயில்லயே அவ உதட்ட மட்டுந்தான் அசைப்பா. முனகுறது பக்கத்து வீட்டு சரோஜம்மா. அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப அவதான நம்ம துணியெல்லாம் தொவச்சா?”

அப்படியென்றால் நான் ஒட்டிக்கொண்டது யாருடைய முதுகு? இத்தனை வருடம் நான் யாருக்காக ஏங்கினேன்? இல்லை, சரோஜம்மாவிடம் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் அந்த மெட்டு தொற்றியிருக்கலாம். அக்கா சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் போனவள், அவளுக்கென்ன தெரியும்? ஆனால் ஆஸ்பத்திரி நாட்களில் கஞ்சி போட்டது யார் என்று யோசித்தால், சரோஜம்மாவின் பச்சைக் கண்ணாடி வளையல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு பக்கம் நேராக்கினால் மறுபக்கம் கோணிக்கொள்கிறது.

கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா இல்லை. சரோஜம்மா குடும்பம் மாற்றலாகி காஜிபேட்டுக்குப் போனதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. குவார்ட்டர்ஸை இடித்தபோது, இரண்டு வீட்டுக்கும் பொதுவாயிருந்த அந்த முற்றமும் போய்விட்டது.

“அப்போ எனக்கு அம்மா குரலே ஞாபகம் இல்லன்னு ஆயிருச்சேக்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அம்மாவைப் பற்றி எதில் சந்தேகம் வந்தாலும் அவள் சொல்வதுதான் எங்களுக்கு முடிவு.

“எனக்கு மட்டும் இருக்குன்னு நெனச்சியா?” என்றாள். “எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தகூட அவ குரல்ல வரமாட்டேங்கு. நீ அத முனகு, கேப்போம். யாருதா இருந்தா என்ன.”

முனகினேன். கோயில் கொயரிலிருந்து மரியாதையாக வெளியே அனுப்பப்பட்ட குரல் என்னுடையது. வெட்கப்பட்டுப் பாதியில் விட்டேன்.

“நிப்பாட்டாதட்டி” என்றாள் அக்கா.