எங்கள் இல்லம் மூடியிருந்த வாரங்கள்

1. மரம் விழுந்த மத்தியானம்

மலேசியாவில், மலாக்காவுக்குப் பக்கத்துப் புலாவ் செபாங்கில் எங்கள் சபை நடத்தும் முதியோர் இல்லத்தின் மேல் மரம் விழுந்தபோது நான் சமையலறையில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தேன். மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் எடுக்கும் ஒரு பெரியவருக்கான கஞ்சி அது. துளி திப்பி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

காற்று சுழன்று அடித்தது. பின்பக்கம் ஏதோ முறிகிற சத்தம். அதன் பிறகு கட்டடமே ஒரு முறை குலுங்கியது.

"மிஸ்ஸி! கூரை போச்சு மிஸ்ஸி!" என்று தேவி ஓடி வந்தாள். தேவி எங்கள் பராமரிப்பாளர். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வசிப்பவள். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, இந்த இல்லத்தின் பொறுப்புக்கு வந்தவள். எங்கள் பக்கம் நர்சை மிஸ்ஸி என்பார்கள். ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

ஆண்கள் அறையின் கூரை பாதி உள்ளே கிடந்தது. இரண்டு கட்டில்கள் நசுங்கியிருந்தன. அந்தக் கட்டில்காரர்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு முன் கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்ததால் தப்பினார்கள். சுவரோடு தண்ணீர் வழிந்து சுவிட்ச் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தேவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

மழை விட்டதும் வயர்மேன் வந்து பார்த்தார். "மிஸ்ஸி, வயரிங் எல்லாம் ரொம்ப பழசு. கூரையோட சேத்து முழுசா மாத்தணும். அது வரைக்கும் உள்ள ஆளு இருக்கக் கூடாது லா. ஏதாச்சும் ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

இல்லத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்து வயதானவர்கள். சிலருக்குப் பிள்ளைகள் இல்லை. சிலருடைய பிள்ளைகள் இருக்குமிடம் தெரியாது. அன்றைக்கு எல்லாரையும் பக்கத்திலிருந்த சபைக் கூடத்துக்கு மாற்றினோம். தரையில் மெத்தை. கழிவறைக்குப் போகப் படியிறங்க வேண்டும். ஒவ்வொருவரையும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அங்கே நெடுநாள் வைத்திருக்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

2. பாயா ரும்புட் வீடு

என் வேலை முறையைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். மாத்திரை நான்தான் கொடுப்பேன். இன்சுலின் நான்தான் போடுவேன். படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யும்போது தேவி தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். விடுமுறை எடுக்கமாட்டேன். கேட்டால், "நான் ஆண்டவருக்கு ஊழியம் செய்றேன், இதுல என்ன லீவு?" என்பேன். கேட்டவர்களும் மெச்சிக்கொள்வார்கள்.

ஆகவே இந்தச் சிக்கலையும் நானே தீர்ப்பது என்று கிளம்பினேன். பதினோரு பேரும் ஒரே கூரையின் கீழ், என் கண் முன்னால் இருக்க வேண்டும். மலாக்கா டவுனில் ஒரு கூடம் கிடைத்தது, ஆனால் அது மாடியில். தம்பினில் ஒரு பழைய கடைவீடு, தண்ணீர் இல்லை. கடைசியில் பாயா ரும்புட்டில் ஒரு மூலை வீடு அமைந்தது. பெரிய கூடம், அகலமான கதவு, வீல்சேர் தாராளமாகப் போகும். வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். எந்தக் கட்டில் எந்தச் சுவரோரம் என்று வரைபடமே போட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் நன்றாக ஜெபித்தேன். "ஆண்டவரே, வீட்டுக்காரர் மனசு மாறாம பாத்துக்கும். திங்கட்கிழமை லோரி கிடைக்கணும். மழை வேண்டாம்." ஆஸ்பத்திரியில் ஜூனியர்களுக்கு டூட்டி ரோஸ்டர் போடுவதைப் போல ஆண்டவருக்கும் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சாவி வாங்கப் போன அன்று வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார். "சோரி மிஸ்ஸி. பக்கத்து வீட்டுக்காரங்க வேணாம்னு சொல்றாங்க. வயசானவங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா... எனக்கும் சங்கடம்தான்."

"ரெண்டு மாசத்துக்குத்தான் கேக்கறேன். நான் கூடவே இருப்பேன்."

"நான் என்ன செய்றது மிஸ்ஸி? இங்க நான்தானே நாளைக்கும் குடியிருக்கணும்."

காடியில் வந்து உட்கார்ந்தேன். இஞ்சினைப் போடவில்லை. அடுத்து யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவுகளைப் பார்த்துக் கலங்காதவள், ஒரு தாமான் தெருவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அழுது முடித்த பிறகு ஜெபிக்க வாயெடுத்தேன். வழக்கம்போல இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. திட்டம் இருந்தால்தானே கட்டளை போட முடியும்? "ஆண்டவரே, இவங்க என் ஆளுங்க இல்ல. உம்முடைய ஆளுங்க. நானும் உம்முடைய வேலைக்காரிதான். எனக்கு வழி தெரியல. நீர் சொல்றத செய்றேன்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் இரண்டு நாளுக்கு முன் பாஸ்டர் சொல்லி, நான் காதிலேயே வாங்காமல் தட்டிவிட்ட ஒரு பேச்சு ஞாபகத்துக்கு வந்தது.

3. கை தூக்கியவர்கள்

எங்கள் பாஸ்டர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். "அக்கா, ஒரே இடம் கிடைக்கலன்னா சபையார் வீடுகள்ல ஆளுக்கு ஒருத்தரா வச்சுக்கச் சொல்லி கேட்டுப் பாக்கலாமா?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தார். "அவங்களுக்கு டயாப்பர் மாத்தத் தெரியுமா? பெட்சோர் பாக்கத் தெரியுமா? விளையாட்டா பாஸ்டர்?" என்று நான் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பாயா ரும்புட்டிலிருந்து திரும்பியதும் அவரிடம் போய், "ஞாயித்துக்கிழமை கேளுங்க பாஸ்டர்" என்றேன். என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "நீங்களே கேளுங்கக்கா. உங்க வாயால கேட்டாத்தான் பயப்படாம வருவாங்க."

ஆராதனை முடிந்து நான் முன்னால் போய் நின்றேன். மெத்தைகளெல்லாம் கூடத்தின் ஓரத்தில் கிடந்தன. பெரியவர்கள் வீல்சேரிலும் நாற்காலியிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது. சொன்னேன்.

முதலில் எழுந்தவர் ஆரோக்கியம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், கூட்டத்துக்குத் தாமதமாக வருவார். என்னைக் கேட்டிருந்தால் கடைசியாகத்தான் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன். "மிஸ்ஸி, முனியாண்டி தாத்தாவ எங்க வீட்டுக்கு அனுப்புங்க. எங்கப்பாவும் அவரு மாதிரி ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவருதான்" என்றார்.

இருப்பவர்களிலேயே கஷ்டமான கேஸ் முனியாண்டி தாத்தா. பக்கவாதம், சீனி வியாதி, இன்சுலின். பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். "வேற யாராச்சும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காடியில் செய்த ஜெபம் ஞாபகம் வந்தது. "சரிங்கண்ணே" என்றேன்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூக்குக் குழாய்க்காரரைத் தேவியே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள்கூட இல்லை. தாமான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். "கஞ்சி வடிகட்ட எனக்குத் தெரியும் மிஸ்ஸி. இத்தன வருஷமா நீங்க செய்றத பாத்துட்டுத்தானே நிக்கிறேன்" என்றாள். அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். புரட்டிப் படுக்கவைப்பது, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீர் எப்படிக் குடிக்கவைப்பது. அதற்கு முன் நான் யாருக்கும் எதையும் முழுதாகச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

4. ஆரோக்கியத்தின் போன்

இன்சுலினை மட்டும் நான் விடவில்லை. ஆரோக்கியத்தின் மனைவி ஜெயாவுக்கு மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். ரத்தத்தில் சீனி இறங்கினால் என்ன அடையாளம், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். ஊசியை மட்டும் தினமும் காலையில் நானே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்ததில் அந்த மூலை பாக்கி.

ஒரு நாள், எங்கள் பதினோரு பேரில் ஒருவரான சவரியம்மா ஆச்சியைக் கண் பரிசோதனைக்கு மலாக்காவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவசரமாக முனியாண்டி தாத்தாவுக்கு ஊசி போட்டு, ஜெயா தோசைத் தட்டை வைத்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவர் சாப்பிடுகிறாரா என்று நின்று பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. ஆரோக்கியம்.

"மிஸ்ஸி, தாத்தாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. கூப்பிட்டா ஒரு மாதிரி முழிக்கிறாரு."

"ஜெயா எங்க?"

"பசாருக்குச் சாமான் வாங்கப் போயிட்டா. என் லோரி வொர்க்‌ஷாப்புல இருக்கு, அதான் நான் வீட்டுல இருக்கேன். காலையில தோசைய தள்ளிவிட்டுட்டாராம், பசியாறவே இல்ல."

எழுந்து நின்றேன். ஆச்சியின் வீல்சேர் என் கையில். மலாக்காவிலிருந்து நான் போய்ச் சேருவதற்குள் எதுவும் ஆகலாம். "நான் வரேன்" என்றேன், எப்படிப் போவது என்று தெரியாமலே.

"மிஸ்ஸி, நீங்க வர வேணாம். போன வைக்காதீங்க. சொல்லுங்க, நான் செய்றேன்." அந்தச் சத்தக்காரருடைய குரல் அவ்வளவு நிதானமாக இருந்து நான் கேட்டதில்லை.

"சொன்னா முழுங்குவாரா? எச்சில முழுங்கச் சொல்லிப் பாருங்க."

"முழுங்குறாரு."

"நிமுத்தி உக்கார வைங்க. தண்ணியில சீனிய கரைச்சு..."

"கரைச்சிட்டேன் மிஸ்ஸி. நீங்க ஜெயாவுக்குச் சொல்றப்ப நான் வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னேன். அதற்குமேல் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் டம்ளர் சத்தம், "குடிங்க தாத்தா, இன்னும் ஒரு வாய்" என்கிற குரல். கண்ணை மூடினேன். "ஆண்டவரே, அங்க இருக்கிறது உம்முடைய கைதான்" என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். பாயா ரும்புட்டில் சொன்னதைவிட அப்போது சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நெடுநேரம் போலத் தோன்றிய பிறகு, போனில் வேறொரு குரல் கேட்டது. கரகரப்பான குரல். "தித்திப்பு... போதும்."

முனியாண்டி தாத்தா. ஆரோக்கியம் வெடித்துச் சிரித்தார். நான் ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சவரியம்மா ஆச்சி என் கையைத் தடவி, "யாருக்கும்மா, நம்ம முனியாண்டிக்கா? பொழச்சிக்கிட்டாரா?" என்றார். "பொழச்சிக்கிட்டாரு ஆச்சி" என்றேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தாத்தா நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஜெயா ஒரு சின்னக் கிண்ணத்தில் விபூதி வைத்திருந்தாள். எங்கள் இல்லத்தில் இருந்த காலமெல்லாம் அவர் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கே இன்சுலின் போடுவதை ஜெயாவுக்கும் ஆரோக்கியத்துக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கி, அவர்கள் போடுவதைப் பல நாள் கூட நின்று பார்த்த பிறகு, இன்சுலின் பேனாவை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். இப்போது சாப்பாட்டுத் தட்டு காலியாகும் வரைக்கும் ஊசியை எடுக்கவே விடமாட்டார் ஆரோக்கியம்.

5. திறந்த பிறகு

கூரையும் வயரிங்கும் முடிந்து இல்லம் திறந்தபோது எல்லாரும் திரும்பி வரவில்லை. குழாய்க் கஞ்சிப் பெரியவர் தேவி வீட்டிலேயே ஒரு காலை நேரத்தில் அமைதியாகக் காலமானார். அவளுடைய பிள்ளைகள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேரை அந்தந்த வீட்டார் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் முனியாண்டி தாத்தா. நான் வேனோடு போய் நின்றபோது ஆரோக்கியம் வாசலை மறித்துக்கொண்டு, "அவர கேளுங்க மிஸ்ஸி, எங்கள கேக்காதீங்க" என்றார். கேட்டேன். தாத்தா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதுதான் பதில்.

அந்த மரத்தை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். வேர் அழுகியிருந்தது, முன்னமே வெட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் போட்டிருந்த திட்டம் நடந்திருந்தால் அந்தப் பதினோரு பேரும் பாயா ரும்புட்டில் ஒரே கூடத்தில், என் கண் முன்னால், சுத்தமாக, ஒழுங்காக இருந்திருப்பார்கள். யாருக்கும் ஒரு குடும்பம் கிடைத்திருக்காது. என் கைக்குள் இருந்தால்தான் பத்திரம் என்று நினைத்திருந்தேன். என் கைக்குள் அவ்வளவுதான் இடம் இருந்தது.

ஊழியத்துக்கு வருகிற இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு, ஒப்புக்கொடுப்பது என்றால் சும்மா இருப்பதா என்று. இல்லை. வேலை கூடிற்றே தவிரக் குறையவில்லை. ஊசி போடுவது எளிது; போடக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்தவர் கையை நம்பி நிற்பதுதான் கஷ்டம். அதைத் தினமும் காலையில் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. இன்னும் எனக்கு அது முழுதாகக் கைவரவில்லை.

இடமில்லை என்று நான் நெடுநாளாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா, செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக இருந்தார். திறந்த மறு வாரம் அவரைக் கூட்டி வந்தோம். ஜன்னலோரக் கட்டிலில் உட்காரவைத்ததும், "இங்க மிஸ்ஸி யாரு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தேவி மாத்திரைத் தட்டோடு வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்து, "நீங்கதானாம்மா?" என்றார்.

"ஆமாங்கம்மா, இவங்கதான்" என்று சொல்லிவிட்டு நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.