தவம் மாமா ஒட்டகம் மேய்த்தவர்

தவம் மாமா இறந்த செய்தி என் கைக்குத்தான் வந்தது. மாமியின் போன் உடைந்துபோயிருந்ததால் எல்லோரும் என் போனுக்கே எடுத்தார்கள். முரசுமோட்டையில் மாமி வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அரபு நாட்டு ஆஸ்பத்திரியில் இருந்து கேரளத்து நேர்ஸ் ஒருவர் கதைத்தார். "மாமியிடம் கொடு, மோளே" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. மாமி கையில் அள்ளிய நெல்லைக் கீழே போடாமலே மற்றக் கையால் போனை வாங்கினார். பொழுதுபடும்வரை அந்தக் கையை அவர் விரிக்கவில்லை.

உடல் வரவில்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள். கொள்ளி வைக்கவும் வழியில்லாமல் போன மனிதருக்கு இங்கே முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அதன் முகப்பில் அவருடைய படத்துக்குக் கீழே "வெளிநாட்டில் சாரதியாகப் பணியாற்றியவர்" என்று இருக்கும். அதே மலரின் உள்ளே நான் இதை எழுதுகிறேன். முகப்பில் இருப்பது பொய்.

நான் தரம் பத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. நான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றபோது ஏன் என்று கேட்காத ஒரே ஆள் தவம் மாமா. அம்மாவின் தம்பி அவர். கதவடியில் ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்து, "அப்ப நாளைக்கு வெள்ளன பால் கறக்க வா" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் போனேன்.

அப்போது அவரிடம் பதினொரு மாடு நின்றது. கன்றுக்குச் சளி பிடித்தால் மூக்கைக் கையால் வழித்து, கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வன்னியில் மாடு வளர்க்கிற எல்லோரும் அப்படித்தான். நானும் அப்படித்தான். கை கழுவ ஓடினால் சிரிப்பார்கள்.

இரண்டு போகம் நெல் பிழைத்தபின் மாடுகளை விற்றுவிட்டு வெளிநாடு போக வெளிக்கிட்டார். சாரதி வேலை என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். புறப்பட்ட அன்று பஸ் தரிப்பிடத்தில் லைசன்ஸை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இனி ஒருத்தனும் என்னை மாட்டுக்காரத் தவம் எண்டு கூப்பிடேலாது!"

"டேய் தவம், வாகனம் நிண்டா வாலைப் பிடிச்சு முறுக்கிறேல்லை, கியர் போடோணும்!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் பஸ்ஸில் ஏறியபின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பில் நின்றவர்கள் இந்த மலரையும் வாசிப்பீர்கள். உங்களுக்கு அது பகிடி. அவர் அதை நெஞ்சில் காவிக்கொண்டே போனார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோவில் கதைப்பார். எப்போதும் வாகனத்துக்குள் இருப்பார், நெஞ்சுக்கு முன்னால் ஸ்டேரிங் தெரியும். மாமி அதை அயலட்டைக்கெல்லாம் காட்டினார். ஒரு வெள்ளி மாமியும் மகள் வதனி மச்சாளும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் எடுத்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே வாகன யன்னலுக்குள் ஒரு பெரிய தலை நுழைந்தது. நீளமான இமைகள், பிளந்த மேலுதடு. நான் பயந்து கத்திவிட்டேன்.

"கத்தாதை பிள்ளை. இவர் எங்கட விதானையார்."

"விதானையாரோ? ஊர்க் கடதாசிக்கெல்லாம் கையெழுத்து வைக்கிறவரோ?"

"ஓம். மேல நிண்டு எங்களைக் குனிஞ்சு பாப்பார். என்ன கேட்டாலும் வாயைச் சப்பிக்கொண்டு நிப்பார். ஒரு கையெழுத்தும் வைக்கமாட்டார்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு உண்மையைச் சொன்னார். அவர் இருந்த வாகனம் பட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர். அதன் சாரதி வேறு ஆள். அவன் தண்ணீர் இறக்குகிற நேரத்தில் மாமா அவனுடைய இருக்கையில் ஏறியிருந்து எங்களோடு கதைப்பார். சாரதி விசாவில் இறக்கிய முதலாளி அவரை நேரே ஒட்டகப் பட்டியில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

"மாமிக்குச் சொல்லிப்போடாதை. வதனிக்குக் கலியாணம் பேசுற நேரம். மாட்டை வித்துப்போட்டு ஒட்டகம் மேய்க்கப் போனவன் எண்டு சனம் சிரிக்கும். நீ கதைக்காத பிள்ளை. உன்னட்டச் சொன்னது கிணத்துக்குள்ள போட்ட மாதிரி."

எனக்கு அன்று பெருமையாக இருந்தது. கதைக்காமல் இருப்பதற்காக ஒருவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு எனக்கு மட்டும் வீடியோக்கள் அனுப்பினார். ஒன்றில் ஓர் ஒட்டகக் குட்டியின் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. "குட்டிக்குத் தடிமன்" என்று சொல்லிக்கொண்டே கையால் வழித்துச் சாரத்தில் துடைக்கிறார். இன்னொன்றில் அப்போதுதான் கறந்த பாலை நுரையோடு குடிக்கிறார். "காய்ச்சிக் குடியுங்கோவன் மாமா" என்று எழுதினேன். "காய்ச்சினா ருசி போயிடும். தடிமன் அதுக்குத்தானே, எனக்கில்லையே" என்று குரல் பதிவு வந்தது. நானும் மறுத்துச் சொல்லவில்லை. மாட்டுத் தடிமன் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

சில நாள் கழித்து இருமிக்கொண்டே கோல் எடுத்தார். ஸ்டேரிங் இல்லை. பட்டியோரக் கொட்டிலில் பாயில் கிடந்தார். டொக்டரிடம் போகச் சொன்னேன்.

"முதலாளி கூட்டிக்கொண்டு போறனெண்டவர். என்ன வேலை எண்டு கேட்டா டிரைவர் எண்டுதான் சொல்லோணுமாம். இல்லாட்டி விசாப் பிரச்சினையாம்." இருமி முடித்துவிட்டு, "பரவாயில்லை, அதைச் சொல்லித்தானே எனக்குப் பழக்கம்" என்றார். அதற்குப் பிறகு நான் அவருடைய குரலைக் கேட்கவில்லை.

நேர்ஸ் முதன்முதலில் எடுத்த நாளில் மாப்பிள்ளை வீட்டார் வதனி மச்சாளைப் பார்க்க வந்து கதிரைகளில் இருந்தார்கள். மாமாவுக்கு ஒட்சிசன் கொடுப்பதாகவும் அவரால் கதைக்க முடியவில்லை என்றும் நேர்ஸ் சொன்னார். மாமிக்குக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். "அவருக்கு என்ன வேலை? ஒட்டகத்தோடு பழக்கம் உண்டா? ஒட்டகப் பால் குடிச்சிருக்காரா?" என்று நேர்ஸ் கேட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்தார். "அங்க ஆருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒட்டகத்தைத்தான் விசாரிப்பினம் போல."

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவர் டிரைவர்! ஒட்டகத்தைக் கிட்டவும் கண்டிருக்கமாட்டார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவள் நான். போன் என் கையில் இருந்தது. வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் குட்டியின் மூக்கைத் துடைக்கிற வீடியோவை நேர்ஸுக்கு அனுப்பினேன். எழுத ஒரு சொல்லும் வரவில்லை, வீடியோவை மட்டும் அனுப்பினேன். உடனே அவர் கோல் எடுத்தார். ஏசவில்லை. ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கொரோனாவில் பல வகை இருக்கிறதாம். இது கோவிட் இல்லை, அதற்குச் சொந்தம். ஒட்டகத்தில் இருக்கும். ஒட்டகத்துக்கு மூக்கு ஒழுகும், அதோடு சரி. அந்தச் சளியில் இருந்தும் காய்ச்சாத பாலில் இருந்தும் மனிதருக்கு வந்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

"மூணு நாள் எல்லாரும் கிடக்கிற வார்டில் கிடந்தார், மோளே. இப்போதான் தனி அறைக்கு மாத்துறாங்க. பக்கத்துக் கட்டில்காரருக்கும் காய்ச்சல். என் கூட வேலை செய்யிற பொண்ணுக்கும் காய்ச்சல்."

"முதலே சொல்லியிருந்தால் மாமா தப்பியிருப்பாரா?"

"அறியில்ல. இதுக்கென்று மருந்து இல்லை. மத்தவங்களைக் காப்பாத்தியிருக்கலாம்."

அந்தப் பெண் சுகமாகி வேலைக்குத் திரும்பிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் மாமாவுக்கு ஒரு நாள் முந்தி இறந்தார். அவர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள், எனக்குத் தெரியாது. அவருடைய பெயரை எந்த மலரிலும் நான் வாசிக்கப் போவதில்லை.

உடல் இல்லாத செத்தவீட்டுச் சடங்கு முடிந்தபின் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. "சாரதி எண்டே போடட்டும்" என்றார். "கடைசியிலயும் மாட்டுக்காரனாத்தான் செத்தார் எண்டு சனம் சொல்லக்கூடாது." மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு வரவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் பெண் எடுக்க விருப்பமில்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். யாருக்காக அந்தப் பொய்யைக் காத்தோமோ அவர்களுக்கு அது தேவைப்படவேயில்லை.

என்னை எழுதச் சொன்னது வதனி மச்சாள். "எழுதடி. இனிப் பொம்பிளை கேக்கிறவன் ஒட்டகம் மேய்ச்சவற்ற மகளைக் கேக்கட்டும்" என்றாள். முகப்பு மாமியின் விருப்பம், உள்பக்கம் தன்னுடையது என்றாள்.

எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் சாரதி விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்காரருக்குச் சொல்கிறேன்: வீடியோவில் ஸ்டேரிங் தெரிந்தால் வாகனத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டகம் என்றால் சிரிக்காதீர்கள். மூக்கில் தொட்ட கையைக் கழுவச் சொல்லுங்கள், பாலைக் காய்ச்சச் சொல்லுங்கள், காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் ஒட்டகத்தை முதலில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள். அவள் கதைக்காத பிள்ளை.

மாமாவின் லைசன்ஸ் மாமியிடம் இருக்கிறது. அவர் விற்ற கடைசி மாட்டின் கழுத்து மணி வதனி மச்சாளிடம். என்னிடம் இருப்பது அந்த வீடியோ. நோயை அள்ளுகிறோம் என்று தெரியாமல், சொந்தக் கன்றைப் போலக் குட்டியின் முகத்தைத் திருப்பி, மூக்கை வழித்து, சாரத்தில் கையைத் துடைக்கிறார். பிறகு என்னைப் பார்த்து, "ஒருத்தருக்கும் காட்டாதை பிள்ளை" என்கிறார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் குசினி வாசலில் என்னைத் தேடி வாருங்கள். காட்டுகிறேன்.