ஜாடியில் ஊறிய திராட்சை

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் அக்டோபரிலேயே தொடங்கிவிடும். கேக்குக்கான உலர்திராட்சையையும் முந்திரியையும் நறுக்கி, கண்ணாடி ஜாடியில் போட்டு, ரம் ஊற்றி மூடிவைப்பேன். ரம் வாங்கி வருவது என் வீட்டுக்காரரின் வேலை. நாங்கள் குடியிருக்கும் கே.கே. நகரில் வாங்கினால் என் மாணவிகளின் அப்பாக்கள் யாராவது பார்த்துத் தொலைப்பார்கள் என்று வண்டியைத் திருமங்கலத்துக்கு விடுவார். மிஷன் பள்ளி டீச்சரின் புருஷன் கடை வாசலில் நிற்கலாமா? நானோ சர்ச்சில் பெண்கள் சங்கச் செயலாளர் வேறு. ஆனால் ஜாடிக்குள் போன பிறகு அது எங்களுக்கு ரம் இல்லை. கேக் சாமான், அவ்வளவுதான்.

எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டுக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டு மருமகள் என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த வாரத்திலேயே எனக்குத் தங்கை மாதிரி ஆகிவிட்டாள். அவளுடைய மாமியாருக்குச் சர்க்கரை. டாக்டர் ஓட்ஸ் கஞ்சி குடிக்கச் சொல்ல, கிழவி கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "இதக் குடிச்சு எம்புட்டு நாள் உசுரோட இருக்கணுமாம்?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பெரிய மனுஷியாட்டம், "ஓட்ஸை பிஸ்கட்டா செஞ்சு தாரேன், தின்னுவாங்க" என்று வாக்குக் கொடுத்தேன். நாட்டுச்சர்க்கரையும் திராட்சையும் போட்டாலும் ஓட்ஸ் இருந்தால் சர்க்கரை ஏறாது என்று நாங்கள் மூன்று பேருமே நம்பினோம்.

சனிக்கிழமை மத்தியானம். ஓவன் சூடாகிக்கொண்டிருந்தது. வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் அடித்து, முட்டையும் கோதுமை மாவும் ஓட்ஸும் சேர்த்துவிட்டேன். திராட்சைப் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பூச்சி. கை தானாக ஜாடிக்குப் போனது. இரண்டு பிடி அள்ளி, பிழிந்து போட்டேன். யோசிக்கவே இல்லை என்பது நிஜம். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது, ஏனென்றால் வெட்கக்கேடு அதற்குப் பிறகுதான் நடந்தது.

பிஸ்கட் அருமையாக வந்தது. ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று. எட்டை எடுத்துத் தட்டில் அடுக்கி எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டரம்மாவும் சங்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வீட்டு மருமகள் வாசலில் வந்து நின்று, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. மாமி ரெண்டு தின்னுட்டு இன்னும் வேணும்னு கேக்குறாங்க. திராட்சையில ஒரு வாசம் வருது. ஏதும் சேத்திருக்கீங்களா?"

அந்த நொடியில்தான் எனக்கு ஜாடி ஞாபகம் வந்தது. முதுகுக்குப் பின்னால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. பாஸ்டரம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை.

"வெனிலா எசன்ஸும்மா. கொஞ்சம் கூடிருச்சு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். நீங்க சொன்னா சரிதான்" என்று போய்விட்டாள். அந்த மாமி ஐந்து வேளைத் தொழுகையை ஒரு நாளும் விட்டதில்லை. அவருடைய மார்க்கத்தையும் நம்பிக்கையையும் விட எனக்கு என் செயலாளர் பதவி பெரிதாகிப்போனது. மற்றவர்களோடு முழங்காலில் நின்று அன்றைக்கு நன்றாகவே ஜெபம் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்னும் ஆறு பிஸ்கட் அந்த வீட்டில் இருந்தன. கூட்டம் முடிந்ததும் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் சொல்லியிருக்கலாம். மாமி நாளுக்கு இரண்டாக மூன்று நாள் தின்று தீர்த்தார். மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பள்ளிக்கு நேரமாகிவிட்டதுபோல் ஓடினேன்.

நான்காம் நாள் தட்டு திரும்பி வந்தது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலுமே கிடையாது. நெய் மினுங்க, தம்ரூட் என்கிற அவர்கள் வீட்டு ரவை இனிப்பை நிறைத்திருந்தாள். "மாமி தன் கையால கிண்டுனது டீச்சர். விடியக்கால சுபுஹு தொழுகையில உங்களுக்காக துஆ கேட்டாங்களாம்" என்றாள்.

அந்தத் தம்ரூட்டைத் தொடாமல் மூடிவைத்தேன். அன்று சாயங்காலமே போனேன். அடுப்படியில் அவள் தனியாக இருந்தாள். ஜாடி, ரம், பாஸ்டரம்மா என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் குறைந்ததை மறைக்க முடியாது.

அவள் கத்தவில்லை. அடுப்பைக் குறைத்தாள். "தெரியாமத் தின்னது அல்லாகிட்ட குத்தமாகாது டீச்சர்" என்றாள். பிறகு, "நான் கேட்டேன்ல?" என்றாள்.



உள்ளறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "யாரு, டீச்சரா? பிஸ்கட்டு கொண்டாந்திருக்காகளா?"

"இல்ல மாமி, சும்மா பாக்க வந்தாங்க."

என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "மாமிகிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சு போவாங்க. சொல்ல முடியாது. நீங்க எறக்கி வச்சுட்டுப் போயிருவீங்க. நான்ல இனி தெனமும் அவங்க மூஞ்சியப் பாக்கணும்?"

"எதப் போட்டுச் செஞ்சாகன்னு கேட்டு வையி" என்று மாமி மறுபடி கூப்பிட்டார். "அம்புட்டு ருசி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெனிலா எசன்ஸாம் மாமி" என்றாள்.