கியூவில் முதல் ஆள்

இன்று காலை மாதுங்கா பஸ் ஸ்டாப்பில் எனக்கு உலகத்தின் மேலேயே கோபம். டிராமை நிறுத்தியதிலிருந்து எல்லோருக்கும் பஸ்தான் கதி. ஆபீசில் இந்த மாதம் இரண்டு லேட் மார்க் விழுந்தாயிற்று. மூன்றாவது விழுந்தால் ஒரு நாள் லீவு போய்விடும்.

பஸ் வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் படியில் கால் வைக்கப் போகும்போது கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார். "ஜகா நஹி!" இடமில்லையாம். மணி அடித்தது. பஸ் போய்விட்டது.

"மூணாவது லேட் மார்க்!" என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

முன்னால் நின்றவர் திரும்பிச் சிரித்தார். தாராவிக்காரர், பைகுல்லாவில் பட்டறை வேலையாம்.

"எதுக்கு சார் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய? இவ்வளவு நேரம் பத்தாவது ஆளா நின்னேன். இப்ப நான்தான் ஃபஸ்ட்டு. நீங்க செகண்டு!"

"உங்களுக்கு நேரமாகலையா?"

"ஆகாம? மேஸ்திரி வையத்தான் செய்வாரு. அதை அங்க போயிக் கேட்டுக்கிடலாம். இங்கயே நின்னு ஏன் சார் கேக்கணும்?"

அடுத்த பஸ்ஸும் நிரம்பி வழிந்தது. கண்டக்டர் ஒற்றை விரலைக் காட்டினார். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம்.

அவர் ஒதுங்கி நின்று என்னை முன்னால் தள்ளினார். "ஏறுங்க சார்."

"அப்போ நீங்க?"

"எனக்கென்ன? இப்பவும் நான்தான ஃபஸ்ட்டு!"

ஆபீஸ் வருகைப் பதிவு மஸ்டரில் நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

'நல்லதையே நினை' என்று யாராவது புத்தி சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். இவர் புத்தியே சொல்லவில்லை.

நாளைக்கும் அவருக்குப் பின்னால்தான் நிற்கப் போகிறேன். இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு முதல் ஆளாக நிற்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. உங்களில் யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்!